தரை தொடாத பூ

சாலிக்காட்டுப்பாளையத்துப் பூவாக்காத்தாள் சிலையின் வலது தோளிலிருந்து கழன்ற செவ்வரளிப் பூ, தரைக்கு வந்து சேராமல் இரண்டேகால் அடி உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. அப்போது கருவறை முன்னால் பூசாரி கிட்டுசாமி இருந்தார், பூக் கேட்க வந்த ராசாமணி இருந்தாள், வெள்ளி தவறாமல் பொங்கலுக்கு வரும் என்னைப் போன்ற ஆறேழு பேர் இருந்தோம். பூசாரி குனிந்து பார்த்தார். காற்று தூக்குகிறதோ என்று மின்விசிறியை அணைத்தார். பூ அசையவில்லை. மேலும் கீழும் கையை வீசிப் பார்த்தார், நூல் கீல் ஒன்றும் தட்டுப்படவில்லை. "செரி, விழுகறப்ப விழுகட்டும்" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு இலைத்துண்டில் பொங்கல் வைத்தார். அன்றைக்கு மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

எங்கள் ஊரில் பூக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. ஆத்தாளின் கல்மேனியில் தண்ணீர் தெளித்து, வலது தோளில் ஒரு செவ்வரளியும் இடது தோளில் ஒரு வெள்ளரளியும் ஒட்டவைத்து, கேட்க வேண்டியதை மனத்துக்குள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வலது பூ விழுந்தால் செய், இடது பூ விழுந்தால் செய்யாதே. வாய்விட்டுக் கேட்கக் கூடாது, என்ன கேட்டாய் என்று அடுத்தவர் விசாரிக்கவும் கூடாது. ஆழ்துளைக் கிணறு எங்கே போடுவது, பெண்ணை எங்கே கொடுப்பது, பையனை இன்ஜினியரிங் சேர்ப்பதா கேட்டரிங் சேர்ப்பதா, பழைய கார் வாங்குவதா, பித்தப்பைக் கல்லை அறுத்து எடுப்பதா கரைத்துப் பார்ப்பதா, எல்லாம் அங்கேதான். என் கல்யாணம் செவ்வரளி விழுந்து நடந்தது, என் மனைவி என்னை விட்டுப் போனதும் செவ்வரளி விழுந்துதான் என்று சொன்னாள், ஆத்தாள் யாரையும் சங்கடப்படுத்துகிறவள் இல்லை. இதில் ஒரு பெரிய வசதி இருந்தது. காரியம் நல்லபடியாக முடிந்தால் ஆத்தாளுக்குப் பொங்கல், கெட்டுப்போனால் ஆத்தாள் சொன்னதைத்தானே செய்தோம் என்று கையை உதறிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். தலைமுறை தலைமுறையாக அப்படித் தூங்கி வந்தவர்கள் நாங்கள்.

என் பெயர் தேவராசு. ஊருக்குத் தெற்கே இருக்கும் சாயப்பட்டறையில் டைம் ஆபீஸ் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று இருபத்திரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பூ நின்ற வெள்ளிக்கிழமைக்குப் பத்தொன்பது நாள் முன்னால், உள்ளே வந்ததாக நான் எழுதிய இரண்டு பேருக்கு வெளியே போன நேரம் இன்றுவரை எழுதப்படவில்லை.

ஒருவன் கிழக்குத் தெரு நடராசு. இன்னொருவன் பிர்சா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், தமிழில் சாப்பாடு, போதும், அண்ணா என்று மூன்றே வார்த்தை தெரிந்தவன். மறுநாள் ஆபீசர் பார்வையிட வருகிறார் என்பதால் கழிவுத் தொட்டியின் அடியில் கட்டியாகிக் கிடந்த சாயச் சேற்றை அள்ளச் சொல்லி இருவரையும் இறக்கினார்கள். சேற்றைக் கிளறியதும் விஷக் காற்று எழுந்தது. அவர்கள் ஏணி வரைக்கும்கூட வந்து சேரவில்லை. தொட்டி என்றால் கிழக்குத் தெருவிலிருந்துதான் ஆள் வரும், இல்லாவிட்டால் வடநாட்டிலிருந்து வரும். அது ஏன் என்று எங்களில் யாரும் ஒருநாளும் பூக் கேட்டதில்லை. பிர்சா மரப்பெட்டியில் விமானம் ஏறிப் போனான். நடராசு நான்கு பேர் தோளில் சுடுகாட்டுக்குப் போனான். தொட்டி விளிம்பில் பாதி காலியான பிராந்தி பாட்டில் ஒன்று கிடந்ததாகவும், குடிபோதையில் தாங்களாகவே இறங்கிவிட்டார்கள் என்றும் மேனேஜர் சென்னியப்பன் போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். உடம்பிலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதற்குப் பதில் வர மாதக்கணக்காகுமாம். ஊர்ப் பரிசோதனை அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. குடிகாரன், செத்தான், அவ்வளவுதான்.

ராசாமணிக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் இல்லை, ஒரே மகள் பட்டறை முதலாளியின் சிபாரிசில் நர்சிங் படிக்கிறாள், குடியிருப்பது பட்டறை கட்டிக்கொடுத்த லைன் வீட்டில். பட்டறையில் பாதுகாப்பு அறை என்று ஒன்று உண்டு. முகமூடி, ஆக்சிஜன் சிலிண்டர், இடுப்புக் கயிறு எல்லாம் பாலிதீன் உறை பிரிக்காமல் பளபளவென்று அடுக்கியிருக்கும். ஆபீசர் வரும் நாளில் மட்டும் திறந்து காட்டிவிட்டு மறுபடி பூட்டிவிடுவோம். அந்த அறையைத் துடைத்து வைப்பது ராசாமணியின் வேலை, சாவி அவள் இடுப்பில். அன்று காலை நடராசு அவளிடம் வந்து முகமூடி கேட்டதும், மேனேஜர் வரட்டும் என்று அவள் சொன்னதும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், ஊரில் ஒரு விஷயம் தெரிவதற்கு யாராவது வாயைத் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கோட்டாட்சியர் விசாரணை வரப்போகிறது என்று தெரிந்ததும் ராசாமணி பூக் கேட்க வந்தாள். சொல்வதா, வேண்டாமா. அவள் என்ன கேட்டாள் என்று எங்களில் யாரும் விசாரிக்கவில்லை, விசாரிக்கக் கூடாது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இடது பூ விழ வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. வலது பூதான் கழன்றது. கழன்று, ஆத்தாளின் முழங்காலுக்கு நேராக வந்து, நின்றது.

முதல் நாள் ஊர் வந்து பார்த்தது, இரண்டாம் நாள் சுற்றூர் வந்து பார்த்தது, மூன்றாம் நாள் ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்து பூவுக்கு நேராக மைக்கை நீட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார் ஸ்கேல் கொண்டுவந்து அளந்தார். இரண்டேகால் அடி என்பது அவர் சொன்னதுதான். வேறென்ன தெரிகிறது சார் என்று கேட்டதற்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்று புறப்பட்டுவிட்டார். அபிஷேகத் தண்ணீர் பூவைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. பூ வாடவில்லை. ஆறுமுகத்தின் சோளக்காடு கார் நிறுத்தும் இடமானது, செருப்பு பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம், பூவாக்காத்தாளை நில்பூ ஆத்தா என்று வெளியூர்க்காரர்கள் சொல்ல ஆரம்பித்து நாங்களும் அப்படியே சொன்னோம். தீபாராதனை காட்டும்போது பூவில் சூடு படாமல் கையை வளைத்து வளைத்துக் காட்டியதில் பூசாரியின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வீட்டில் சோறு உண்ணும்போதும் அவர் அப்படியே சாய்ந்து உண்பதாக அவர் மனைவி சொன்னாள். பத்து நாளில் எங்களுக்கு எல்லாமே பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்றுதான். ஒரு கேள்வி நிற்கையில் அடுத்த கேள்வி கேட்கக் கூடாது என்பது கோயில் முறை. பூ தரையைத் தொடாதவரை ராசாமணியின் கேள்வி முடியவில்லை, அது முடியாதவரை ஊரில் வேறு யாரும் எதையும் கேட்க முடியாது, கேட்காமல் எதையும் செய்து பழக்கமில்லை. கிணறு தோண்டும் லாரி வடக்குக் காட்டில் வந்து நின்றது நின்றபடியே இருந்தது, அதன் சக்கரத்தில் கோவைக்கொடி ஏறியது. பரிசம் போட வந்த மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு ஆடி பிறந்ததும் திரும்பிப் போனார்கள். குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த பழனியப்பன் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவில் நடந்தார். ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூச்சுக் குழாயை எடுப்பதா, விட்டுவைப்பதா என்று டாக்டர் கேட்க, பதில் தெரியாமல் ஓடிவந்த ஒருவன் பூசாரியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், பூசாரியும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார், இருவரும் சேர்ந்து பூவைப் பார்த்தார்கள், அது நின்றது. நந்தினி என்று ஒரு பெண் மட்டும் போங்கடா என்று யாரையும் கேட்காமல் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை என்பது எங்களுக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது.

ஆகவே ஒருநாள் காலையில் ஊர் திரண்டு ராசாமணியின் லைன் வீட்டுக்குப் போனோம். நானும் போனேன். தர்மகர்த்தா பொன்னுசாமிதான் பேசினார்.

"கேள்வியத் திருப்பி வாங்கிக்கம்மா."

"எப்படீங்க வாங்கிக்கறது?"

"மனசுல கேட்டதுதான? மனசுலயே வேண்டாம்னு சொல்லீரு."

"சொல்லிப் பாத்துட்டனுங்க," என்றாள் ராசாமணி. "வாய் வேண்டாங்குது. மனசு மறுபடி கேக்குதுங்க."

மேனேஜர் சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சட்டம் படித்தவர், கோர்ட்டுக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டவர். "வலது கழண்டுது, நாங்க இல்லைன்னு சொல்லல. ஆனா வாக்கு எப்ப வாக்கு ஆகுது? தரையத் தொடறப்ப. தொடாத வரைக்கும் ஆத்தா யோசிக்கறான்னு அர்த்தம். ஆத்தாளே யோசிக்கறப்ப நீ அவசரப்படலாமா ராசாமணி?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாவி ஆர் இடுப்புல இருந்துச்சுன்னு கேப்பாங்க. அதையும் யோசிச்சுக்க."

நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். எவ்வளவு அருமையான பேச்சு! கழன்றது உண்மை, விழவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் நானூறு குடும்பம் சௌகரியமாகக் குடியிருக்க இடம் இருந்தது. மறுவாரம் முதலாளி வந்தார். கெட்டவர் இல்லை, எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் தயவில்தான் படிக்கிறார்கள். காற்றடித்து விழுந்துவிடப் போகிறது என்று பூவைச் சுற்றி வெள்ளி விளிம்பு வைத்த கண்ணாடிப் பெட்டி செய்து கொடுத்தார். பூ விழக் கூடாது என்று அவர் நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் நினைத்தோம். பெட்டியின் கடைசித் திருகை முடுக்கியபோது எங்கள் எல்லாருக்கும் மூச்சு சீராக வந்தது.

நடராசுவின் மனைவி கலையரசி தினமும் காலையில் கோயிலுக்கு வெளியே விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். கும்பிட மாட்டாள், உள்ளே வர மாட்டாள், யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டாள். பக்கத்தில் ஆறாவது படிக்கிற மகள் பள்ளிச் சீருடையில் நிற்பாள்; வகுப்பில் குடிகாரன் புள்ள என்று கூப்பிட்டதிலிருந்து சீருடை போட்டுக்கொண்டு கோயில் வரைக்கும்தான் வருகிறாள், பள்ளிக்கூடம் போவதில்லை. நாங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனோம். அபிஷேகத் தண்ணீர் பூவைச் சுற்றிக்கொண்டு போனது போலத்தான்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் மதியச் சாப்பாட்டு வேளையில் ராசாமணி டைம் ஆபீசுக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். சாவிக்கொத்து இடுப்பில் நிற்காமல் சரிந்து சரிந்து விழ, கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தேவராசண்ணா, வலதுதான கழண்டுச்சு? நீங்களும் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"அப்ப சொல்லோணும்னுதான அர்த்தம்?"

"தரையத் தொடலியேம்மா."

அவள் சாவிக்கொத்தை மறு கைக்கு மாற்றினாள். "எம்புள்ள படிப்பு போயிரும். ஊடு போயிரும். அது கூடப் பரவால்லீங்கண்ணா. நானே கொன்னேன்னு நானே சொல்லோணுமே, அதுக்குத்தான் பயமா இருக்குது. சோறு அள்ளி வாய்க்கிட்டக் கொண்டு போனா அவன் கேட்ட சத்தம் கேக்குது. ஏனுங்க்கா, அந்த மாஸ்க்கக் குடுங்கன்னு. எவ்வளவு மரியாதையாக் கேட்டான் தெரியுங்களா? சண்டை போட்டிருந்தாக் குடுத்திருப்பேன்."

"சாப்புடு மொதல்ல," என்றேன் நான். என்ன ஒரு அறிவுரை! சொல்லிவிட்டுப் பதிவேட்டில் கோடு போட ஆரம்பித்தேன், அன்றைக்குப் போட வேண்டிய கோடெல்லாம் ஏற்கெனவே போட்டாகியிருந்தது.

விசாரணை சமுதாயக் கூடத்தில் நடந்தது. கோட்டாட்சியர் ஒரு இளவயதுப் பெண், புதிதாக வந்தவர், எங்கள் பூவைப் பற்றிக் கேள்விப்பட்டும் பார்க்க வராதவர், அதனாலேயே எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எனக்கொண்ணும் தெரியாதுங்க, நான் அந்தப் பக்கமே போகலீங்க, அவன் குடிப்பான்னு சொல்லுவாங்க, நான் பாத்ததில்லீங்க. ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் சொல்ல, பஜனை மாதிரி கூடம் முழுக்க அதே வரி ஓடியது. என் முறை வந்தது. பதிவேட்டைக் கொடுத்தேன், உள்ளே வந்த நேரத்தைக் காட்டினேன். வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். இல்லைங்க மேடம் என்றேன்.

கடைசியில் ராசாமணி எழுந்தாள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல இந்தப் பெரிய சாவி அந்த ரூமுதுங்க. அன்னைக்கிக் காலைல நடராசு எங்கிட்ட வந்து மாஸ்க் கேட்டாப்ல. மேனேஜர் வரட்டும்னு சொன்னேன். மேனேஜர்ட்டப் போய்ட்டு வந்து, எறங்கச் சொல்லீட்டாருங்க்கா, நீங்க மாஸ்க்கக் குடுங்கன்னு மறுக்கா கேட்டாப்ல. ஒறையப் பிரிச்சா ஆபீசர் வர்றப்ப அசிங்கமா இருக்கும்னு எனக்குச் சொல்லி வெச்சிருந்தாங்க. நான் குடுக்கலீங்க. சாவி இங்கதான் இருந்துச்சு." இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "நான் குடுக்கலீங்க."

பின்வரிசையில் கலையரசி எழுந்து நின்றாள். கோட்டாட்சியர் அவளைத் தடுக்கவில்லை.

"குடிச்சிருந்தாராக்கா?"

"இல்ல சாமி. டீ வாசந்தான் அடிச்சுது."

"எத்தன தடவ கேட்டாரு?"

"ரெண்டு தடவ."

கலையரசி அழவில்லை. பக்கத்தில் சீருடையோடு நின்ற மகளின் பக்கம் திரும்பி, கூடத்தில் வேறு யாருமே இல்லாதது போல, மெதுவாகச் சொன்னாள். "கேட்டாராம் கண்ணு. அப்பா கேட்டாராம்." அந்தப் பிள்ளை தலையை ஆட்டியது. அந்த ஒரு வார்த்தையில் அவள் புருஷன் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது, கீழே குனிந்துகொண்டேன்.

அவ்வளவுதான், ஊரே எழுந்து கோயிலுக்கு ஓடியது. கேள்வி முடிந்தது, பூ விழுந்திருக்கும், இனி நம் கேள்விகளைக் கேட்கலாம்! குடலிறக்கக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார், லாரிக்காரர் ஓடினார், பெண்ணைப் பெற்றவர்கள் ஓடினார்கள், முந்திச் சென்றவர்கள் வாசலிலேயே நின்றுவிட பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூ நின்றது. இரண்டேகால் அடி. ஓர் இதழ்கூடச் சுருங்கவில்லை.

ராசாமணி எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். கூட்டம் வழிவிட்டது. பெட்டியைப் பார்த்தாள், ஆத்தாளின் முகத்தைப் பார்த்தாள், கல்தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் சொன்னது பொய்யா ஆத்தா?"

மேனேஜர் லேசாகச் செருமினார், அது போதுமானதாக இருந்தது. பொய் சொன்னதால்தான் பூ விழவில்லை என்று சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு செய்தது. தன் தப்பை மறைக்கச் செத்தவன்மேல் பரிதாபம் காட்டுகிறாள் என்றார்கள், அவள் தன் தப்பைத்தான் சொன்னாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஆத்தாளே ஒப்புக்கொள்ளாததை ஆபீசர் ஒப்புக்கொள்வாரா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ராசாமணிக்குச் சீட்டு வந்தது. கோட்டாட்சியர் அப்படியெல்லாம் பூவைப் பார்க்கிறவர் இல்லை, ஆனால் அவருக்கும் ஒரு சிரமம் இருந்தது. ஊர் முழுக்க ஒரு மாதிரி சொல்ல, ஒருத்தி மட்டும் வேறு மாதிரி சொல்கிறாள், அதற்குத் துணையாக இன்னொரு வாய் வேண்டும். திங்கட்கிழமை மறுபடி உட்காருவதாகவும், யாருக்காவது ஏதாவது தெரிந்தால் வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பூ ஏன் விழவில்லை என்று ஊர் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிதான் தடுக்கிறது என்கிறார் பூசாரி. எனக்கு அன்றைக்கே தெரியும். ராசாமணி பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், ஆனால் இரண்டு தடவை என்பது தப்பு. நடராசு மூன்று தடவை கேட்டான்.

அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று ராசாமணியின் இடுப்பில். இன்னொன்று டைம் ஆபீசில், என் தலைக்கு மேலே, ஆணியில். அன்று காலை ஒன்பது இருபதுக்கு நடராசு என் ஜன்னலுக்கு வந்து, தேவராசண்ணா, அந்தச் சாவியக் குடுங்கண்ணா, ரெண்டே ரெண்டு மாஸ்க்கு, தொடச்சு உள்ளாறயே வெச்சர்றோம் என்று சொன்னான். அவனுக்குப் பின்னால் பிர்சா நின்றான். தமிழ் தெரியாததால், நடராசு கேட்பது எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்திக் காட்டினான். எனக்குப் புரிந்தது. டீ வாசம்தான் எனக்கும் அடித்தது. மேலே பார்க்காமல், அது எங்கிட்ட இல்லப்பா என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பயமா, சோம்பலா, எதற்கு வம்பு என்றா, ஒன்றும் பிடிபடவில்லை, சும்மா சொன்னேன். பிர்சா சிரித்துக்கொண்டே "அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குத் தெரிந்த மூன்று வார்த்தையில் அது ஒன்று.

விசாரணைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் போய்ப் பார்க்கிறேன். தானாக விழுந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ராசாமணியை அப்போது ஊர் நம்பிவிடும். ஆத்தா, விழுந்துவிடு, உனக்கு அதில் என்ன கஷ்டம் என்று கெஞ்சுகிறேன். கண்ணாடியில் என் முகமும் பூவும் ஒன்றாகத் தெரிகின்றன, பூசாரி மணியடிக்கிறார், பொங்கல் வாங்கிக்கொண்டு வருகிறேன், இலைத்துண்டிலேயே காய்ந்துவிடுகிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கலையரசி என் வீட்டுக்கு வந்தாள். மகளை அழைத்து வரவில்லை. உள்ளே வா என்றேன், வரவில்லை.

"அண்ணா, அந்த ரூமுக்கு ரெண்டு சாவின்னு அவரு ஒருக்கா எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க. ராசாமணியக்கா குடுக்காட்டி அவரு உங்ககிட்ட வராம இருந்திருக்க மாட்டாரு. அவரு கேக்கறதுக்குக் கூச்சப்படற ஆளு இல்லீங்க." ஒரு படி ஏறி நின்றாள். "வந்தாருங்களாண்ணா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக, வந்தான் என்று சொல்லத்தான் திறந்தேன். ஐம்பத்தொரு வருடமாக எங்கள் ஊரில் குடியிருக்கும் வாய் இது, அதற்குப் பழகிய வார்த்தைதான் வந்தது.

"பூக் கேட்டுட்டுச் சொல்றேன் சாமி."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன், காறித் துப்புவாள் என்று நினைத்தேன், அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"பூத்தான் நிக்குதுங்களேண்ணா," என்றாள். "செரீங்க. நீங்க கேட்டுட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

வாசல் படியில் முந்தானையை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே வந்து பழைய பதிவேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுத உட்கார்ந்தேன், எழுதுவதுதானே என் வேலை. கை முதலில் தன் பழக்கத்தில் கோடு கிழித்து, கலையரசி, உள்ளே வந்த நேரம் எட்டு ஐம்பது என்று எழுதியது. உள்ளே அவள் வரவே இல்லை, ஆனாலும் அப்படித்தான் எழுதியது. இப்போது பதினொன்றே கால். வெயில் படிக்கு ஏறிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே போன நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.